கழுவாமல் கட்டிய எஞ்சின்

எஞ்சினின் தலையைக் கழற்றிய பாஸ், தண்ணீர் ஓடும் துளைகளிலிருந்து சுரண்டிய உப்பை என் உள்ளங்கையில் வைத்தார். கல்முனையில் போட் எஞ்சின் திருத்தும் அவருடைய கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றார்கள்.

“கொப்பி கொப்பியா எழுதுற ஆளாம். ஒரு பீப்பா நல்ல தண்ணிக்கு வழியில்லாமப் போச்சா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் நின்ற மச்சானும் சிரித்தார்.

மச்சான் என் அக்காவான ராத்தாவின் கணவர். போட்டும் எஞ்சினும் எங்கள் இருவருக்கும் பொது. மாரி தொடங்கிக் கடல் கொந்தளித்ததும் எஞ்சினைக் கழுவிக் கட்டிவைப்பது என் பொறுப்பு. பீப்பாயில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் காலை அதில் இறக்கி ஓடவிடுவேன். பக்கத் துளையால் பீறிடும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பேன்; உப்புக் கரிப்பு போகும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பேன். பிறகு எரிபொருள் குழாயைக் கழற்றி, உள்ளே மிஞ்சியது எரிந்து தானாக நிற்கும்வரை காத்திருப்பேன். பிளக் துளைகளில் சிறிது எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்தால் வேலை முடிந்தது. செய்ததையெல்லாம் அன்றே கொப்பியில் எழுதியும் வைப்பேன்.

அந்த வருடமும் அப்படியே செய்து, ராத்தா வீட்டுப் பின்னறையில் நிறுத்தினேன். மாரி முடிந்து எடுத்தபோது ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குரியது. ராத்தா வீட்டில் வைத்த பொருளைச் சோதிப்பது ராத்தாவையே சோதிப்பது போலாகிவிடும் என்று விட்டுவிட்டேன். எஞ்சினின் மறுபக்கத்தைப் பிடித்துக் கடற்கரைக்குத் தூக்கி வந்தவர் மச்சான்தான். கரையில் நின்று கை காட்டி, என்னையும் என்னோடு கடலுக்கு வந்தவரையும் அனுப்பியவரும் அவர்தான். கரை மறைந்த தூரத்தில் எஞ்சின் சூடேறி நின்றது. இன்னொரு போட் வந்து இழுத்துச் செல்லும்வரை அலையில் கிடந்தோம்.

பாஸின் கடையிலிருந்து திரும்பிய பிறகு என் குறிப்பைப் பலமுறை வாசித்தேன். என் நாக்கையே சந்தேகித்தேன்.

சில வாரங்களின் பின் கோமாரியிலிருந்து மீனவர் ஒருவர் நன்றி சொல்ல வந்தார். “உங்கட எஞ்சின் இல்லாட்டி என்ட வலையெல்லாம் போயிருக்கும் அண்ணன். அந்த மாரிக் காத்துக்குள்ள உங்கட மச்சான்தான் அதைக் கொண்டு வந்தவர்.”

அன்று பின்னேரமே மச்சானிடம் போனேன். “என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டா மாட்டன் எண்டிருப்பாய். கொப்பியத் தூக்கிக் காட்டியிருப்பாய்.”

“கழுவியாவது வச்சிருக்கலாமே?”

“ஒண்ட ராத்தா வாறதுக்குள்ள உள்ள வைக்கணும் எண்டு அவசரப்பட்டுட்டன்.”

“பாஸ்ட கடையில அத்தனை பேருக்கு முன்னால நான் நிண்டனே?”

வலைக்காகப் போனதை நான் என்றோ மன்னித்துவிட்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றுதான் இன்றும் நம்புகிறேன். எஞ்சின் கழுவப்படவில்லை என்று தெரிந்துகொண்டே என்னைக் கடலுக்கு அனுப்பியதையும், தெரிந்துகொண்டே சிரித்ததையும்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை.

இப்போதெல்லாம் எஞ்சினை என் வீட்டில்தான் பூட்டிவைக்கிறேன். இந்த மாரிக்கும் கழுவி முடித்துத் தூக்க ஆள் தேடியபோது மச்சான் வந்தார். “நான் ஒரு பக்கம் புடிக்கட்டா?” என்றார். ஓம் என்றேன். இருவரும் தூக்கிச் சென்று அறைக்குள் நிறுத்தினோம். அவர் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். நான் பூட்டை எடுக்கும் முன்பே, பூட்டுவதைப் பார்க்க நிற்காமல் திரும்பி நடந்தார்.