தயிர் தின்ற கல்

தயிர் கல்லை அரிக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே பதினோரு மாதம், சனிக்கிழமை தவறாமல், என் கையாலேயே ஊற்றினேன். என்னைப் பைத்தியம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் காரணம் வேறு. இந்தக் கதை அவர்களுக்குத் தெரியாது.

அவர்கள் சொல்லும் காரணம், நான் கல் பொறுக்குவது. தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்து ரயிலைப் பிடித்து அரியலூர் போவேன். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. மழை அறுத்துவிட்ட ஓடைகளில் குனிந்து நடந்தால், அந்தக் கடலில் வாழ்ந்தவை கல்லாகிக் கிடக்கும். எனக்கு வேண்டியது அம்மோனைட். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் மேலே ஓடு உண்டு. ஆட்டுக்கிடாவின் கொம்புபோலச் சுருண்ட ஓடு. ஒன்று கிடைத்தால் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு சாயங்கால ரயிலில் திரும்புவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பையில் என்ன என்று கேட்டால் "கல்" என்பேன். பிறகு அவர் பேசமாட்டார்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மதுராந்தகம் பக்கத்தில் விவசாயக் குடும்பம், மூன்று தங்கைகள். மூன்றாவது தங்கையைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. அதன்பிறகு பெண் பார்க்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் கேட்க வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். இதில் சோகக் கதை ஒன்றும் இல்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். மாலை ஆறு மணிக்கு அறைக்குத் திரும்பினால் மறுநாள் காலை வரை ஒரு வார்த்தை பேசுவதற்கு ஆள் கிடையாது. சில திங்கட்கிழமைகளில் அலுவலகத்தில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும்.

கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வேலை முடியாது, அப்போதுதான் ஆரம்பம். ஓட்டின்மேல் ஒட்டியிருக்கும் மண்கல்லை எடுக்க வேண்டும். இதற்காக மாமல்லபுரத்தில் ஓர் உளிக்காரரைப் பிடித்து வைத்திருந்தேன். சிற்பிகளுக்கு உளி தீட்டிக் கொடுப்பவர். பென்சில் முனை அளவுக்கு ஓர் உளி வேண்டும் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா செல சார் செய்ற?"

"சிலை செய்யலீங்க. அது உள்ளயே இருக்குது. மேல இருக்கிற மண்ணை மட்டும் எடுக்கணும்."

"உள்ளயே கீதா? அப்ப உனுக்கு இன்னா சார் வேல?"

சிரித்துவிட்டேன். உளியை வாங்கிக்கொண்டு கடற்கரையில் தனியாக உட்கார்ந்து யோசித்தபோது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

உளி எட்டாத இடத்துக்கு வினிகர். நீர் கலந்த வினிகரில் போட்டுவைத்தால் மண்கல் நுரைத்துக் கரையும். ஆனால் ஓடும் அதே சுண்ணாம்புச் சாதிதான். அதையும் சேர்த்துக் கரைத்துவிடும். அதனால் வெளியே தெரிந்த இடத்துக்கெல்லாம் நிறமில்லாத நகப்பூச்சு பூசி மறைக்க வேண்டும். வருடத்தில் நான்கு நகப்பூச்சுக் குப்பி வாங்கும் பிரம்மச்சாரியைப் பார்த்து ஃபேன்சி ஸ்டோர்காரர் என்ன நினைத்தாரோ. "அண்ணிக்குக் கலரே புடிக்காதா சார்?" என்று ஒருமுறை கேட்டார். புடிக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிச் செய்ததில் ஒன்றே ஒன்று அபூர்வமாக அமைந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கோலால் காட்டிக்கொடுத்த கல். உள்ளங்கை அளவு. அதைச் சுத்தம் செய்ய ஆறு வருடம் ஆனது. கடைசியில் நகப்பூச்சைத் துடைத்து எடுத்தபோது வரிவரியாக விலா எலும்புகள்போல மேடுகள், ஒரு பக்கத்தில் முத்துச்சிப்பியின் பளபளப்பு. நனைத்தால் கல் முழுக்கக் கறுப்பாகத் தெரியும். கையில் வைத்துக்கொண்டு அறை முழுக்க நடந்தேன். காட்டுவதற்கு யாரும் இல்லை.

அப்போது இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் மாடியில் ஒற்றை அறை. கீழ்ப் போர்ஷனில் ஒரு மாமியும் அவர் கணவரும். அந்தப் பெரியவர் மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்தவர். பக்கவாதம் வந்து பேச்சும் ஒரு பக்கமும் போனபின், பெரியாஸ்பத்திரி பக்கம் என்று செங்கல்பட்டுக்கு வந்திருந்தார்கள். இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எங்களுக்குள் பேச்சு என்றால் தண்ணீர் மோட்டார்தான். "மோட்டார் போடட்டுமா சார்?" "போடுங்க மாமி." அவ்வளவே.

அன்று டாங்கி வழிகிறது என்று சொல்ல மாமி முதல்முறையாக மாடி ஏறி வந்தார். நான் அந்தக் கல்லைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அலசிக்கொண்டிருந்தேன். வினிகர் வாடை போக நாள்கணக்கில் அலச வேண்டும். மாமி வாசலிலேயே நின்றார். தாம்பாளத்தைப் பார்த்தார். டாங்கி மறந்துபோயிற்று. ஈரத்தரையில் அப்படியே விழுந்து சேவித்தார்.

"சாளக்கிராமம்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

"எத்தனை நாளா இங்க ஏளியிருக்கார்?" எழுந்தருளியிருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது.

"ஆறு வருஷமாச்சு மாமி."

"விலை குடுத்து வாங்கலியே?"

"இல்ல. ஒரு அம்மா குடுத்தாங்க."

"அதான் முறை. வாங்கவும் படாது, விக்கவும் படாது. தானமாத்தான் வரணும்."

இரண்டு கேள்வி. இரண்டுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். மொத்தத்தில் அது பெரிய பொய்யாக முடிந்தது. சாளக்கிராமமும் அம்மோனைட் கல்தான் என்று படித்திருந்தேன். ஆனால் அது நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைப்பது. அரியலூர் ஓடையில் கிடைத்ததற்கு அந்த மரியாதை கிடையாது.

"பெருமாளுக்கு என்ன கண்டருளப் பண்றேள்?" என்றார் மாமி. நான் முழித்ததைப் பார்த்து, "சாப்பாடு. தினம் என்ன படைக்கிறேள்?" என்றார்.

"நான் வீட்டுல சமைக்கிறதில்ல மாமி. ஹோட்டல்தான்."

மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆறு வருஷமா பட்டினியா?"

பெருமாளைத்தான் சொன்னார். எனக்கு என்னைக் கேட்டதுபோல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கக்கேடு.

அவர்கள் வீட்டிலும் ஒரு சாளக்கிராமம் இருந்ததாம். பெண்கள் அதைத் தொடமாட்டார்கள். பெரியவர் படுத்ததும் தொட்டு ஆராதனம் செய்ய ஆளில்லாமல், காஞ்சிபுரத்தில் மச்சினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது பெருமாளே தேடிக்கொண்டு வந்து தலைக்கு மேலே இருக்கிறார் என்று மாமி நம்பினார். என் சாதி என்ன என்று அவர் கேட்கவே இல்லை. "ஸ்நானம் ஆச்சோ?" என்பதோடு சரி.

மறுநாள் காலை எட்டரைக்குச் சூடான சாதம், பருப்பு, ஒரு கறியோடு வந்தார். நான் கல்லுக்குத் தண்ணீர் விட்டுத் துளசி வைத்தேன். மாமி கண்ணை மூடி இரண்டு நிமிடம் நின்றார். பிறகு, "ஆச்சு, நீங்க சாப்பிடுங்கோ" என்று கீழே போனார். கல் சாப்பிட்டது போக மிச்சம் முழுவதும் எனக்கு. தினமும். ஒருவர் எனக்காக மாடி ஏறி வரும் சத்தம் அதுவரை நான் கேட்டதில்லை. எட்டு மணியிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் திருமஞ்சனம். பால், பிறகு தயிர். மாமி தொடமாட்டார், நான்தான் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் மாமி பாசுரம் சொல்லத் தொடங்குவார், மாடிப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பி, குரலை உயர்த்தி. கீழே படுத்திருப்பவர் காதில் விழ வேண்டும். முடிந்ததும் கீழேயிருந்து டங், டங் என்று சத்தம் வரும். பெரியவர் நல்ல கையால் இரும்புக் கட்டிலைத் தட்டுவார். கேட்டேன் என்று அர்த்தம். அதைக் கேட்டு மாமியின் முகம் மலர்வதைப் பார்த்தபின், நான் எப்படி வாயைத் திறப்பேன்?

அந்த அரைமணி நேரமும் தயிர் கல்மேல் இருக்கும். புளித்த தயிர். வினிகர் செய்வதை அது நிதானமாகச் செய்யும். இரண்டு மாதத்தில் பளபளப்பு மங்கியது. ஒருமுறை ரகசியமாக நகப்பூச்சு பூசிப் பார்த்தேன். சந்தனம் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. மாமி முகம் சுருங்கியது. அன்றே துடைத்துவிட்டேன். வேறு கல்லை மாற்றி வைக்கலாம் என்றால், மாமிக்கு ஒவ்வொரு வரியும் அத்துப்படி. பெருமாளைத் தனியாக விட்டுப் போகப்படாது என்றதால் அரியலூர் போவதையும் நிறுத்தினேன். ஆறு வருடம் பாடுபட்டு வெளியே கொண்டுவந்ததை வாரம் ஒரு கரண்டியாகக் கரைத்தேன். வருத்தம் இருந்தது. ஆனால் காலை எட்டரை மணியையும் அந்தக் கல்லையும் தராசில் வைத்தால், தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பதினோராவது மாதம் பெரியவருக்கு மறுபடி பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கண்ணும் கையும் மட்டும்தான் மிச்சம். அடுத்த சனிக்கிழமை தயிரைக் கழுவியபோது ஓட்டிலிருந்து ஒரு செதில் பெயர்ந்து தாம்பாளத் தண்ணீரில் கிடந்தது. மாமி குனிந்து பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார்.

"தேஞ்சு போயிருக்காரே" என்றார். "நான் என்னமோ அபசாரம் பண்ணியிருக்கேன் சார். அதான் அவருக்கு இப்படி ஆச்சு. மடியில்லாம தளிகை பண்ணியிருப்பேன். என்னாலதான்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய சோற்றைத் தின்றுகொண்டு இந்தப் பழியையும் அவர் தலையில் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அரியலூர், ஆடு மேய்த்த அம்மாள், வினிகர், தயிர். "உங்க மேல தப்பே இல்ல மாமி. இது சாளக்கிராமமே இல்ல. தயிர் பட்டா கரையுற கல்லு. எனக்கு முதல்லயே தெரியும்."

மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்போ இத்தனை நாளா நான் யாருக்குப் படைச்சேன்?"

பதில் எனக்குத் தெரியும். நாக்கு எழவில்லை. மாமி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அடுத்த ஆறு நாள் ஹோட்டலில் சாப்பிட்டேன். எட்டரைக்குப் படிக்கட்டில் சத்தம் இல்லை. சனிக்கிழமை பத்து மணி ஆனது. கீழே டங் என்று ஒரு சத்தம். மறுபடி டங், டங். பாசுரம் கேட்டபின் தட்டுபவர் அன்று கேட்காமலே தட்டினார். விடாமல் தட்டினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

கதவில் நிழல் விழுந்தது. மாமி வெறுங்கையோடு வாசற்படிக்கு வெளியே நின்றார். என்னைப் பார்க்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை.

"அவர் காத்துண்டிருக்கார். தண்ணி விடற சத்தம் கேக்கணும் அவருக்கு" என்றார். "தயிர் வேண்டாம். வெறும் தண்ணி விடுங்கோ."

சொம்பை உயரத் தூக்கி, சத்தம் கேட்கும்படி விட்டேன். மாமி படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பாசுரம் சொன்னார்.

அப்படி நான்கு மாதம், சனிக்கிழமை மட்டும், வாசலுக்கு வெளியே நின்று. சாதம் வரவில்லை. பேச்சும் இல்லை. பிறகு பெரியவர் போய்ச் சேர்ந்தார். நாவலூரில் வேலை பார்க்கும் மகள் மாமியை அழைத்துப் போக ஒரு சனிக்கிழமை காலை வேன் கொண்டுவந்தாள். சாமான் ஏற்ற நானும் கை கொடுத்தேன். மாமி வேனில் ஏறுமுன் எப்படியோ எனக்கு நாக்கு எழுந்தது.

"மாமி, அன்னிக்கு யாருக்குப் படைச்சேன்னு கேட்டீங்களே. எனக்குத்தான். நான்தான் எல்லாத்தையும் சாப்பிட்டேன்."

நான்கு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"பசிச்சுத்தானே சாப்பிட்டேள்?"

"ஆமா மாமி."

"அப்போ சரி" என்று ஏறிக்கொண்டார்.

வேன் திரும்பும்வரை நின்றுவிட்டு மாடிக்கு வந்தேன். கல்லில் பாதி வரிகள் இல்லை. இனி அரியலூர் போகலாம், தடுக்க யாரும் இல்லை. மணி பத்தாகியிருந்தது. தாம்பாளத்தில் கல்லை வைத்து, சொம்பை உயரத் தூக்கி, தண்ணீர் விட்டேன். சொம்பு காலியானபின்பும் கட்டில் தட்டும் சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.