புள்ளிக்குப் பின்னால் ஒரே ஓர் எண்

"இன்னா சார், எங்க ஊரு இறாலப் பத்தி எழுதி நீங்க டாக்டராய்ட்டீங்க. எங்க நூலகத்துக்கு ஒரு காப்பி குட்த்தீங்களா?" ரோசி ஒரு பேராசிரியரைத் தொலைபேசியில் உலுக்கியபடியே, துப்பட்டா நுனியால் கணினித் திரையைத் துடைக்கிறார். வாரத்துக்கு நாலு பேரையாவது இப்படிக் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

தோணிரேவு என்ற ஏரிக்கரை ஊருக்குப் பக்கத்துச் சிறு நூலகத்தின் நூலகர் அவர். பழவேற்காடு ஏரியை ஆராய வரும் மாணவர்களுக்குப் பழைய கட்டுரைகளைத் தேடித் தருவார். அவர்கள் சேகரித்த தரவுகளை எல்லோருக்கும் திறந்த இணையதளத்தில் ஏற்றித் தருவதும் அவரே. "தெருக்கொழா மாதிரி சார் அது. யார் வேணா வந்து புட்ச்சிக்கலாம். பூட்டி வெச்சா இன்னாத்துக்கு ஆராய்ச்சி?" என்பார். அவர் மேசை இழுப்பறையைக்கூட ஒருநாளும் பூட்டியதில்லை.

தப்பு நடந்ததும் அந்த மேசையில்தான். கஸ்தூரியம்மாள் பனையோலைக் கூடையான பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, நீருக்குள் கையால் தடவி இறால் பிடிப்பவர். இரண்டு வருஷத்துக்கு முன், தான் பிடிக்கும் இடத்தை ஒரு மாணவிக்கு நம்பிக் காட்டினார். அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ரோசி அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார். யார் பார்த்தார்களோ, அடுத்த மாதமே வெளியூர் மோட்டார் படகுகள் சரியாக அங்கேயே வலை இறக்கின. அந்தப் பருவம் முழுக்கப் பறி காலி. கஸ்தூரியம்மாள் சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திவிட்டார். "திட்டியிருந்தாக்கூட தேவலை சார்" என்று என்னிடம் சொல்லும்போது ரோசிக்குக் கண் கலங்கிவிட்டது.

ரோசியைப் பார்க்க நான் நூலகத்துக்குப் போயிருந்த அன்று, தமிழ்வாணன் என்ற ஆராய்ச்சி மாணவர் புதுத் தரவோடு உட்கார்ந்திருந்தார். கஸ்தூரியம்மாள் இப்போது பிடிக்கும் இடத்தையும் அவர் ஏரியில் பார்த்து அதில் குறித்திருந்தார். ரோசி ஆள் விட்டுக் கஸ்தூரியம்மாளை அழைத்திருந்தார். வந்தவர், ஈரப் புடவையோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

ரோசி திரையை அவர் பக்கம் திருப்பினார். "அக்கா, இங்க பாரு. புள்ளிக்கு அப்பால நாலு எண்ணு போட்டா உன் காலடி தெரியும். மூணத் தூக்கிட்டேன். இப்ப ஊரே அதுல அடங்கிடும்."

"துல்லியம் போயிடுமே மேடம்?" என்றார் தமிழ்வாணன்.

"எத்தினி இறாலு, எந்த மாசம், தண்ணியில எவ்ளோ உப்பு, அல்லாம் இருக்குதே. எடம் மட்டும் அக்காளுது. வேணுங்கறவங்க அக்காவ வந்து கேக்கட்டும்."

"யாரு பாத்தாலும் இவ்ளோதான் தெரியுமா?" கஸ்தூரியம்மாள் கேட்டார். இரண்டு வருஷத்தில் அவர் ரோசியிடம் பேசிய முதல் பேச்சு.

"இவ்ளோதான்க்கா. நீ சரின்னாதான் ஏத்துவேன்."

"சரி, ஏத்து."

ஏற்றி முடித்ததும், புள்ளிக்குப் பின் நாலு எண்களும் அப்படியே எழுதியிருந்த சீட்டைத் தமிழ்வாணனிடம் வாங்கி ரோசி கஸ்தூரியம்மாளிடம் நீட்டினார். அவர் அதை மடித்து, ரோசியின் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தார். "எனக்கு எதுக்கு? என் காலுக்குத் தெரியும். உன்னாண்டயே இருக்கட்டும்."

ரோசி சீட்டை இழுப்பறையில் வைத்தார். துருவேறிய சாவியைத் தேடியெடுத்துப் பூட்டினார். பிறகு கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, சிலுவைக்குப் பக்கத்தில் அந்தச் சாவியைக் கோத்துக்கொண்டார்.