பானட்டுக்குள் இருந்த மஞ்சள் எழுத்து

திருப்பூரில் ஒரு பனியன் கப்பல் ஏறுவதற்கு முன் அதன் மேல் எத்தனை பேர் கிறுக்குகிறார்கள் என்று அதைப் போட்டுக்கொள்கிறவர்களுக்குத் தெரியாது. கட்டிங்காரர் சாக்பீஸால் நம்பர் போடுவார். டெய்லர் ஒரு கோடு இழுப்பார். செக்கிங் பெண் ஓட்டை இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். இத்தனையையும் அழிப்பதற்கென்றே ஒருத்தி இருப்பாள். பூபாலன் முதலாளியின் கம்பெனியில் அந்த ஒருத்தி ஒச்சம்மாள்.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் முனீஸோடும் ஆறு வயது மகள் வேல்விழியோடும் திருப்பூர் வந்தவள். இரண்டாம் வருஷமே முனீஸ் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. அதிலிருந்து பதினோரு வருஷமாக ஒச்சம்மாளுக்கு ஒரே கம்பெனி, ஒரே மேஜை, இடது கையில் கறை மருந்து பீச்சுகிற ஒரே துப்பாக்கி. அந்த மருந்து வாடையில் சாயங்காலம் ஆனால் தலை இடிக்கும். நகமெல்லாம் உரிந்து போயிருந்தது. வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் வேலையில் அவளை ஒரு சொல் சொல்ல முடியாது. கறை மேல் மருந்து அடித்துக் கொடியில் போட்டு, காய்ந்த பிறகு அதே இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். நூறு பீஸ் தொங்கினாலும் எதில், எங்கே, என்ன நிறத்தில் இருந்தது என்று அவள் மனசில் அச்சடித்தாற்போல் இருக்கும்.

பயமும் ஒன்று இருந்தது. ஒரு முறை நாற்பது டீஷர்ட்டுகள் காலருக்குள் நீலச் சாக் கோட்டோடு வெளிநாடு போய்த் திரும்பி வந்தன. அப்போது பக்கத்து மேஜையில் அதே வேலை பார்த்த கண்ணம்மாளை அன்றைக்கு மாலையே வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒன்பது வருஷப் பழக்கம், போய் வருகிறேன் என்றுகூடச் சொல்ல விடவில்லை. அதற்குப் பிறகு எங்கே ஒரு கிறுக்கலைப் பார்த்தாலும் ஒச்சம்மாளுக்குக் கை ஊறும். பஸ் சீட்டில் எழுதிய காதலர் பெயரைக்கூட எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பாள்.

இரண்டாயிரத்து ஆறில் முதலாளிக்குக் கார்ப் பித்துப் பிடித்தது. குன்னூர் எஸ்டேட் பங்களா ஒன்றில் முப்பத்தாறு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி வந்து ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினார். மூக்கு நீண்ட சிவப்புக் கார். உட்காரப் போவது நாலு பேர்தான், ஆனால் குடிக்கிற பெட்ரோலுக்கு ஒரு லாரி வேண்டும் என்று டிரைவர் நல்லான் சொல்லிச் சிரிப்பான். சென்னையிலிருந்து ராபின் என்பவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. பழைய கார்களைப் பார்த்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியேதான் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிறவர் அவர். அந்தச் சான்று கிடைத்தால் கோயமுத்தூர் கார்க் கண்காட்சியில் இது முதல் வரிசையில் நிற்கும். முதலாளி ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவரே ஒச்சம்மாள் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்க்கா, அந்தக் காரைக் கொஞ்சம் தொடச்சுக் குடுத்துருங்க. நம்ம பனியன் பீஸாட்டம் சுத்தமா இருக்கோணும்."

நல்லான் பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். ஒச்சம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். என்ஜினுக்குப் பின்னால் இருந்த தகரத்தில் மஞ்சள் மெழுகால் பெரிய பெரிய நம்பர்கள். போல்ட்டுகளின் தலையில் நீலப் பொட்டு. ஒரு தண்டில் பச்சைக் கோடு. இன்னொரு மூலையில் கசங்கிய காகிதத் துண்டு ஒட்டியிருந்தது.

"அடக் கொடுமையே, அமெரிக்காவுல செக்கிங்காரிக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள், கேட்க ஆளில்லாமல். இரண்டு மணி நேரம். மருந்து அடித்து, பனியன் துணியால் ஒற்றி, பல் துலக்கும் பிரஷால் போல்ட் போல்ட்டாகச் சுரண்டி, காகிதத்தை ஈரம் காட்டி உரித்து எறிந்தாள். முடித்தபோது ஒரு புள்ளிகூட இல்லை. அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

முதலாளி வந்து குனிந்தார். நிமிரவே இல்லை.

"அக்கா, இங்க மஞ்சளா எழுதியிருந்துச்சுங்களே?"

"அழிச்சுட்டேன் மொதலாளி. என்னா ஒட்டு ஒட்டியிருந்துச்சுங்கிறீங்க!"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். அந்த எழுத்தெல்லாம் கார் செய்த அன்றைக்குத் தொழிற்சாலை லைனில் நின்ற ஆட்கள் போட்டது. போல்ட்டை முறுக்கியாயிற்று என்று ஒருத்தன் நீலப் பொட்டு வைப்பான். எந்த வண்டிக்கு எந்தப் பாகம் என்று ஒருத்தன் மஞ்சளில் எழுதுவான். அதைப் பார்க்கத்தான் ராபின் மெனக்கெட்டு வருகிறார்.

கண்ணம்மாள் வெறும் டிபன் பாக்ஸோடு கேட்டைத் தாண்டிப் போனது ஒச்சம்மாளின் கண் முன்னால் வந்தது.

முதலாளி மறுபடி என்ஜினை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "எங்கெங்க என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

"எல்லாம் இருக்கு."

"அப்படீன்னா திருப்பி எழுதிப் போடுங்க." அவள் தயங்குவதைப் பார்த்தார். "அடுத்த மாசம் வேல்விழிய சூப்பர்வைசராப் போடலாம்னு இருக்கேனுங்க்கா. அதையும் நெனச்சுக்கங்க."

மிரட்டல்கூட அந்த ஊரில் மரியாதையாகத்தான் வரும். அதே கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் குனிந்து குனிந்து பத்தொன்பது வயதிலேயே முதுகு வலிக்கிறது என்கிற மகளை நிமிர்த்திப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர ஒச்சம்மாளுக்கு வேறு ஆசை கிடையாது. அவர் நீட்டிய மஞ்சள் மெழுகுக் கட்டியை வாங்கிக்கொண்டாள். நம்பர்களை இருந்த இடத்தில், இருந்த சாய்வில் எழுதினாள். பொட்டு வைத்தாள். பச்சைக் கோடு இழுத்தாள். ஜெனரேட்டர் ரூம் தூசியைத் துணியில் கட்டி மேலே தட்டி மங்க வைத்தாள். காகிதம் மட்டும் போனது போனதுதான். கறை எடுக்கிறவளுக்குக் கறை வைக்கவும் தெரிந்திருந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராபின் வந்தார். நாகர்கோவில்காரர், சட்டைப் பையில் டார்ச்சும் நோட்டுமாக ஒல்லியான மனிதர். முதலாளி ஒச்சம்மாளையும் நிற்க வைத்திருந்தார், துணி எடுத்துக் கொடுக்க. ராபின் மஞ்சள் எழுத்தில் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு முதலாளியை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா, இங்க பாருங்க. எழுத எழுத உள்ளங்கை பட்டு மெழுகு இழுவியிருக்கு. இதை எழுதினவர் இடது கைக்காரர். யாரோ, எவரோ. லைன் ஓடிட்டே இருக்கும், நிக்க நேரம் கிடையாது. அதுலயும் நம்பரை எவ்வளவு அழகா எழுதியிருக்கார் பாருங்க. இவங்க பேரு எந்தப் புஸ்தகத்திலயும் இருக்காது. இது ஒண்ணுதான் மிச்சம்."

ஒச்சம்மாள் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். சின்ன வயதில் அந்தக் கையால் எழுதியதற்கு வாத்தியார் அடித்திருக்கிறார். புருஷன் வீட்டில் அந்தக் கையால் பரிமாறியதற்கு ஏச்சு வாங்கியிருக்கிறாள். அந்தக் கையைப் பார்த்து அழகு என்று ஒருத்தர் சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் வேறு யாருடையதோ என்று நினைத்துச் சொல்கிறார். எவனோ ஒருத்தன், அவளைப்போலவே நின்றுகொண்டே வேலை பார்த்தவன், அவன் விட்டுப்போன ஒரே சுவட்டை அவள் துடைத்தாள். அவனுக்கு வர வேண்டிய பாராட்டையும் இப்போது வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

ராபின் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீக சார்," என்றாள். "அது ஏங் கையி. அந்த ஆளு எழுதுனத நான் வெள்ளிக்கெழம அழிச்சுப்புட்டேன். கறைன்னு நெனச்சுட்டேன்."

முதலாளி தரையைப் பார்த்தார். ராபின் பேனாவை மூடவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "தெரியாமத் துடைச்சதால கார் ஒண்ணும் கெட்டுப்போகலை சார். இரும்புல அடிச்ச நம்பர் எல்லாம் சரியா இருக்கு, அது போதும். துடைச்சிட்டாங்கன்னு நீங்களே சொல்லியிருக்கலாம். பொய்யா எழுதி வச்சதுதான் தப்பு. இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கிளம்பும் முன் நோட்டை அவளிடம் நீட்டினார். என்ன இருந்தது என்று அவள் நினைவிலிருந்து வரைந்து கொடுத்தாள், அந்தக் காகிதத்தின் மடிப்பு உட்பட. கீழே பெயர் எழுதச் சொன்னார். 'ஒச்சம்மாள், கறை எடுப்பவர்' என்று இடது கையால் எழுதினாள். உள்ளங்கை பட்டு மை இழுவியது.

கண்காட்சியில் அந்தக் கார் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே முதலாளி அவளோடு கேட் வரைக்கும் கூட வந்தார். "நாளைக்கு வர வேண்டாமுங்க்கா. பொண்ணு வரட்டும், அது பாட்டுக்கு மெஷின்ல இருக்கட்டும்," என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

திங்கட்கிழமை காலையில் வேல்விழி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"நீ சொல்லலைன்னா அந்தாளு கண்டுபிடிச்சிருப்பாராம்மா?"

"மாட்டாரு."

"பெறகு ஏன் சொன்ன?"

"அடுத்தவன்னு நெனச்சு என்னையப் பாராட்டுனாருடி. கேட்டுக்கிட்டு நிக்க முடியல."

மகள் அவளையே பார்த்தாள். புரிந்ததா என்று தெரியவில்லை. மன்னித்தாளா என்று அதைவிடத் தெரியவில்லை. கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. பழக்க தோஷத்தில் ஒச்சம்மாள் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி வைத்திருந்தாள். வேல்விழி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.