ஜெசிந்தா நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு

“...அதெல்லாம் இருக்கட்டும்ணா, எனக்கு யாரு விபூதி வச்சது?”

கேட்டவள் ஜெசிந்தா. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்த பெண். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை, முதல் வேலை. அன்று மதியம் ரெண்டு மணிக்கு டூட்டி. கழுத்தில் ஐ.டி. கார்டு இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. அந்தக் கார்டு அடிக்கிற கடை... என்னுடையது. உங்களுக்குத்தான் தெரியுமே – இந்தப் பத்தி எழுதுவது வாரம் ஒருநாள், பிழைப்பு மற்ற நாளெல்லாம் செங்கம் ரோட்டில்.

அப்போதுதான் அடித்துக் கொடுத்த கார்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். போட்டோவில் கழுத்தில் சிலுவைச் செயின். நெற்றியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பளிச்சென்று ஒரு பட்டை!

பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் கலைந்த மறுநாள் அது. உடம்பில் எலும்பு இருக்கிறதா என்றே சந்தேகம். அந்த வாரம் முழுக்க ஆட்டோக்காரர்கள், அன்னதானக் குழுக்காரர்கள் என்று கார்டு அடித்துத் தள்ளியிருந்தேன். ஒருத்தராவது குறை சொன்னார்களா? எப்படிச் சொல்வார்கள்? எல்லார் நெற்றியிலும் ஏற்கெனவே பட்டை! ஓர் ஆட்டோக்காரர் பாராட்டவே செய்தார்: “வேர்வைல அழிஞ்சி பூட்ச்சினு நெனச்சேன் சார். கார்டுல சூப்பரா வந்துக்கீது!”

என்ன பேச்சு! ரசித்து மனசுக்குள் போட்டு வைத்துக்கொண்டேன். மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்பதுதான் உறைக்கவில்லை.

கார்டு பிரின்டர் என்பது வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி. தூசி ஆகாது, விரல் அழுக்கு ஆகாது, சூடு ஜாஸ்தியானாலும் முறைத்துக்கொள்ளும். அலுப்போடு கிளீனிங் கார்டை உள்ளே விட்டு எடுத்தேன். மறுபடி அடித்தேன். கோடு. இன்னொரு தடவை. கோடு.

“அச்சடிக்கிற ஹெட் போயிருந்தா புதுசு சென்னைலருந்துதான் வரணும்மா...”

“மொத நாளே வரலன்னா வேற ஆள எடுத்துப்பாங்கண்ணா.” அவள் குரல் இறங்கிவிட்டது.

சுவிட்சை அணைத்து, சூடு ஆறவிட்டு, மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். பிரின்ட் ஹெட்டின் விளிம்பில், பொடியாக, சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு...

வெள்ளிக்கிழமைதோறும் மெஷின் மூடியில் மூன்று விரலால் பட்டை போடுகிற பக்தன் யார்? நான்தான். திறக்கும்போதெல்லாம் அது உள்ளே உதிர்ந்திருக்கிறது.

“உனக்கு விபூதி வச்சது நான்தாம்மா” என்றேன்.

நடந்ததைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். “அது என்னாண்ணா பண்ணும்? நீங்க அதுக்கு வச்சீங்க, அது ஊருக்கே வச்சி அனுப்புது!”

ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒரே பக்கமாகத் துடைத்தேன். காயவிட்டு அடித்தேன். கார்டு வந்தது – சுத்தமான நெற்றியோடு.

நாம் யாரை அதிகம் கொண்டாடுகிறோமோ அவர்களைத்தான் அதிகம் படுத்துகிறோம், இல்லையா? மெஷினானாலும் சரி, மனுஷரானாலும் சரி.

ஜெசிந்தா கார்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனாள். சட்டென்று திரும்பி வந்து மெஷின் பக்கம் கையை நீட்டினாள். “அய்யோ!” என்று எழுந்தேவிட்டேன்.

“பயப்படாதீங்கண்ணா... இது உதிராது” என்றவள், மூடியின் மேல் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.