கொச்சியில் விழுந்தது நான்தான்

தென்காசியில் கார்த்திகை பிறந்துவிட்டால் கருப்புச் சட்டை போட்ட ஆண்கள் எல்லோரும் சாமிதான். குற்றாலத்தில் குளித்துவிட்டு செங்கோட்டை வழியாக மலைக்குப் போகிறவர்களால் ஊர் நிறைந்திருக்கும். அப்படி ஒரு கார்த்திகையில், டவுன் பஸ்ஸில், இளைஞன் ஒருவனுக்குக் கண்டக்டர் "சாமி, உள்ள போங்க சாமி" என்று பயபக்தியோடு வழிவிட்டுக்கொண்டிருந்தார். தாடி, கருப்பு டீ ஷர்ட் எல்லாம் பொருத்தம்தான். நெஞ்சில் மட்டும் ஒரு மண்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அது எந்த ராக் குழுவின் மண்டையோடு என்று அந்த பஸ்ஸில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இறங்கும்போது அவன் காதில் விழும்படி குழுவின் பெயரைச் சொன்னேன். அவன் படியில் காலை வைக்க மறந்து, விழப் பார்த்தான்.

குழுவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். டீ ஷர்ட்காரன் என்றே சொல்கிறேன். இவ்வளவு மரியாதைகூட அவனுக்கு அதிகம்தான்.

அவன் மூலமாக மார்க்கெட்காரன் எனக்கு நண்பனானான். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் அவன் அப்பாவுக்குக் கமிஷன் கடை. கேரளாவுக்கு லோடு ஏற்றிப்போகிற டெம்போ டிரைவர் ஒருவர் கடையில் ஒரு பென் டிரைவை விட்டுப்போயிருக்கிறார். பக்திப் பாட்டு இருக்கும் என்று போட்டுப் பார்த்தவன், மூன்று பேர் கொண்ட ஒரு பங்க் ராக் குழுவிடம் மாட்டிக்கொண்டான். வெண்டைக்காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு வாரம் அதையே கேட்டானாம். எங்கள் இருவருக்கும் அந்தக் குழுவை அறிமுகம் செய்ததே அவன்தான். எங்கள் மூவரில் அந்தப் பாட்டுகளை வரி வரியாக மனப்பாடமாகச் சொல்லக்கூடியவனும் அவன்தான்.

சந்தித்தால் சண்டைதான். டீ ஷர்ட்காரனுக்கு நீளமான கிட்டார் வாசிப்பு வேண்டும். எனக்கு டிரம்ஸ் நன்றாக இருந்தால் போதும். மார்க்கெட்காரனுக்கு எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும்.

"நாலு நிமிசமா ஒருத்தன் கிட்டாரத் தடவிக்கிட்டே இருக்கான். எதுக்குல? அதுக்குள்ள என் ஆளுங்க ரெண்டு பாட்டு முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிருவாங்க" என்பான்.

"ஒனக்கு சங்கீதமும் ஒண்ணுதான், மூட்டை எறக்குததும் ஒண்ணுதான்" என்பான் டீ ஷர்ட்காரன்.

பழைய குற்றாலம்தான் எங்கள் இடம். தண்ணீர் நன்றாக விழும்போது என்ன கத்தினாலும் யாருக்கும் கேட்காது. ஆண்கள் பக்கம் அவர்கள் இருவரும், பெண்கள் பக்கம் நானுமாக, ஒரே பாட்டை ஒரே நேரத்தில் தொடங்கி அடித்தொண்டையில் கத்துவோம். ஒருமுறை பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துப் பயந்துபோய், வெளியே வந்ததும் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். நானும் பக்தியாகக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் எந்தக் குழுவும் வந்து வாசிக்கப்போவதில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. யாராவது ஒருவர் ஒரு ஷோவுக்குப் போனால், வீடியோ எடுக்கக் கூடாது. திரும்பி வந்து, மற்ற இருவரையும் உட்கார வைத்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வாயால் சொல்ல வேண்டும். மேடையில் என்ன நடந்தது, பக்கத்தில் நின்றவன் எப்படி ஆடினான், எங்கே மூச்சு முட்டியது எல்லாம். அப்படிக் கேட்டவர்களும் போய்வந்த மாதிரிதான். டீ ஷர்ட்காரன் பெங்களூருக்குப் போய் ஒரு ஷோ பார்த்துவிட்டு வந்து மூன்று மணி நேரம் சொன்னான். அதை நான் இன்றும் பார்த்ததாகவே நினைக்கிறேன். நல்ல ஏற்பாடு என்றுதான் அப்போது பெருமைப்பட்டோம். வீடியோவும் போட்டோவும் கேட்காத நண்பர்களிடம் எதையும் சொல்லலாம் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன்னால் மார்க்கெட்காரனின் அந்த மூன்று பேர் குழு கொச்சியில் வாசிக்க வந்தது. டீ ஷர்ட்காரன் போனில் முட்டி மோதியும் இரண்டு டிக்கெட்டுதான் கிடைத்தது. மூவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றோம். மார்க்கெட்காரன்தான் முதலில் பேசினான்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. அன்னைக்கு எனக்குப் பெரிய லோடு இருக்கு. ஒழுங்கா வந்து சொல்லணும், ஆமா."

நான் வீட்டில் எர்ணாகுளத்தில் ஒரு பரீட்சை என்று சொன்னேன். காலையில் செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். புனலூர் போகிற கேரளா பஸ் புறப்பட இருந்த நேரத்தில் டீ ஷர்ட்காரனிடமிருந்து மெசேஜ் வந்தது. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, வீட்டில் பெரிய ரகளை, என்னால் வர முடியாது, நீயும் தனியாகப் போகாதே என்று. அவன் அப்பாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. பொய் சொல்லிவிட்டு ஒரு பெண்ணோடு மாநிலம் விட்டுப் போகிறோமே என்று அவனே பயந்து நின்றுவிட்டிருக்கிறான். நான் போனேன்.

அந்த ஹாலில் சுடிதார் போட்டிருந்தவள் நான் மட்டும்தான். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். மூன்றாவது பாட்டில் கூட்டம் சுழல ஆரம்பித்தது. தோளோடு தோள் மோதி, ஒருவரை ஒருவர் தள்ளி ஆடுகிற ஆட்டம். நானும் மோதினேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஆண்கள் கூட்டத்தில் ஒதுங்காமல், ஒடுங்காமல், முழங்கையை மடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு கால் இடறிக் கீழே விழுந்தேன். ஒரு செருப்பு எங்கோ போய்விட்டது. மிதித்துவிடுவார்கள் என்று கண்ணை மூடினேன். யாரும் மிதிக்கவில்லை. எத்தனையோ கைகள் வந்து என்னைத் தூக்கின. ஒருவன் முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து, வேலி மாதிரி நின்றான். "ஓகே ஆணோ, சேச்சி?" என்று மலையாளத்தில் ஒரு குரல் நலம் விசாரித்தது. செருப்பை யாரோ தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கைக்குக் கை மாற்றி என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். பாடிக்கொண்டிருந்தவன் பாட்டை நிறுத்தியிருந்தான். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டியதும், அந்தப் பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எனக்காக. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஆடினேன்.

எர்ணாகுளம் ஸ்டேஷனில் பெண்கள் காத்திருக்கும் அறையில் விடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். டீ ஷர்ட்காரன் போன் செய்து அழுதான். "நான் வரலைன்னு அவன்கிட்ட மட்டும் சொல்லிராதட்டி. ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவான்" என்றான்.

எனக்கு அவன்மேல் கோபம் இருந்தது. ஆனாலும் பாவமாக இருந்தது. நான் செய்த தப்பு அங்கேதான். ஒரு மணி நேரம் போனில் அவனுக்கு முழு ஷோவையும் பாடம் எடுத்தேன். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, பாடியவன் என்ன சட்டை, ஹாலில் மின்விசிறி எங்கே இருந்தது என்பதுவரை. ஞாயிற்றுக்கிழமை பழைய குற்றாலத்தில் மார்க்கெட்காரனை நடுவில் உட்கார வைத்து, இரண்டு பேரும் போய்வந்த மாதிரிச் சொன்னோம். நான் விழுந்த இடம் வந்ததும், டீ ஷர்ட்காரனுக்கும் ஒரு வேலை இருக்கட்டுமே என்று, "இவன்தான் கையப் புடிச்சுத் தூக்கிவிட்டான்" என்றேன். என் வாயால் நானே சொன்னது. மார்க்கெட்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டான்.

பிறகு டீ ஷர்ட்காரன் சென்னைக்கு வேலைக்குப் போனான். நான் தென்காசியில் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து பட்டா மாறுதலும் சாதிச் சான்றிதழும் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். போன மாதம் சர்வர் நின்றுபோன ஒரு மத்தியானம், யூடியூபில் அவன் முகம் வந்தது. ராக் ரசிகர்கள் வந்து தாங்கள் பார்த்த ஷோக்களைப் பற்றிப் பேசுகிற சேனல். நம்மாள் என்று சந்தோஷமாக ஒலியைக் கூட்டினேன். எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியிடம்கூட "நம்ம ஊர்ப் பையன்" என்று காட்டினேன்.

பேச்சில் நம் ஊர் கொஞ்சம்கூட இல்லை. "என் லைஃப மாத்தினது கொச்சி ஷோதான்" என்று ஆரம்பித்தான். தனியாக பஸ் ஏறிப் போனானாம். மூன்றாவது பாட்டில் விழுந்தானாம். கூட்டமே தூக்கியதாம். பாட்டை நிறுத்தி, அவனுக்காக முதலிலிருந்து வாசித்தார்களாம். கேட்டவர்கள் கை தட்டினார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் போகிறது என்றிருப்பேன்.

"இன்னொரு காமெடி. வழி தெரியாம ஏதோ கல்யாண வீடுன்னு நெனச்சு உள்ள வந்துருச்சு போல, சுடிதார் போட்ட ஒரு பொண்ணு. ஒத்த செருப்போட நின்னு ஓன்னு அழுதுட்டு இருந்துச்சு. நான்தான் ஓரமா கூட்டிட்டுப் போய் உக்கார வச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. என் ஷோவை எடுத்துக்கொண்டான், சரி. அதில் எனக்கு நின்று அழுகிற இடத்தைக் கொடுத்திருந்தான். நான் ஆடினேன் என்பதே அதில் இல்லை.

அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் போனில் அழுவான், நான் மறுபடி இளகிவிடுவேன் என்று என்மேலேயே எனக்குப் பயம்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் அவனே சென்னை நண்பர்கள் நான்கு பேரை அழைத்துக்கொண்டு வேனில் வந்தான். மார்க்கெட்காரனையும் என்னையும் கூப்பிட்டான். ஐந்தருவியில் குளித்துவிட்டு, பிரானூர் பக்கம் ஒரு பரோட்டா கடையில் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். யாரும் கத்தவில்லை, யாரும் பாடவில்லை. சாப்பாடு வந்ததும் சென்னைக்காரர்களில் ஒருவர், "அந்த செருப்பு பொண்ணு கதைய இன்னொரு தடவ சொல்லுடா" என்றார்.

அவன் என்னைப் பார்த்தான். சொல்லாமல் மழுப்பிவிடுவான் என்று நினைத்தேன். சொன்னான். கொஞ்சம் வேகமாக, இலையைப் பார்த்துக்கொண்டே, முழுவதையும் சொன்னான். மார்க்கெட்காரன் குழப்பத்தோடு சிரித்தான். அவன் கேட்ட கதையில் விழுந்தது நான் அல்லவா?

"அந்தப் பொண்ணு நான்தான்" என்றேன். "கல்யாண வீடுன்னு நெனச்சு வரல. டிக்கெட் எடுத்துட்டுத்தான் வந்தேன். விழுந்தது நான். பாட்ட நிறுத்துனது எனக்காக."

டீ ஷர்ட்காரன் சிரித்தான். "ஆமா, இவளும் வந்திருந்தா. ரெண்டு பேரும்தான் போனோம். வீடியோல நேரம் இல்ல, அதான் சொல்லல" என்றான். என்னைக் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தான். பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், எடுத்துக்கொண்டு சும்மா இரு என்கிற பார்வை. அந்தப் பார்வைதான் என்னை வெடிக்க வைத்தது.

"எங்கல வந்தே நீ? செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுவரைகூட நீ வரலியே!"

சொன்ன பிறகுதான் மார்க்கெட்காரனைப் பார்த்தேன். அவன் கை இலையில் அப்படியே நின்றிருந்தது. அவன் டீ ஷர்ட்காரன் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, இவன் போகலியா?"

"போகல."

"ரெண்டு பேரும் உக்காந்து எங்கிட்ட சொன்னீங்களே. நீதான முதல்ல ஆரம்பிச்ச."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்போ இவன் டிக்கெட்டு?"

"எனக்குத்தான் அனுப்பிவிட்டான். என் போன்லதான் இருந்துச்சு."

அவன் குரலைத் தாழ்த்திப் பேசினான். "அன்னைக்கு எனக்கு லோடே கெடையாது. ரெண்டு டிக்கெட்டுதான்னதும் உங்க மூஞ்சியப் பாக்க முடியல, அதான் சொன்னேன். கடைல சும்மாதான் உக்காந்திருந்தேன். இவன் சங்கதி எனக்குத் தெரியாததா? நீ ஒரு போன் போட்டிருந்தா நான் வந்திருப்பேம்லா."

கையைக் கழுவிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாதிப் பரோட்டா இலையில் அப்படியே இருந்தது. டீ ஷர்ட்காரன் என்னிடம், "இப்ப சந்தோசமா?" என்று கேட்டான்.

மார்க்கெட்காரன் அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை. எடுத்தால், எனக்குத் தோன்றவில்லை, உனக்கு லோடு இருக்கிறது என்று நம்பினேன் என்று சொல்லலாம். பாதி உண்மைதான். ஆனால் அன்று செங்கோட்டையில், மெசேஜைப் பார்த்ததும் அந்த பஸ்ஸை விட்டுவிட்டேன், அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவன் நம்பரை எடுத்துவைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் டீ ஷர்ட்காரன் கடைசி நேரத்தில் பின்வாங்கியதைச் சொல்ல வேண்டியிருக்கும், இவன் மானம் போய்விடும் என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.