ஃபைலில் செத்த மரம்

உயிருள்ள மரத்தை வெட்டுவதற்கு முன் ஆட்சேபம் கேட்க வேண்டும். வந்த ஆட்சேபத்துக்குப் பதில் சொன்ன பிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும். பட்டுப்போன மரத்துக்கு மட்டும் இந்த விதி கிடையாது. மைசூரில் எங்கள் தெருமுனை கிரேப் மிர்ட்டில் மரத்தை விதியின் அந்த ஓட்டை வழியாகத்தான் கொன்றார்கள்.

சீனாவிலிருந்து வந்த பூமரம் அது. குளிரில் மொட்டையாக நிற்கும்; கோடையில் தெருவையே ரோஜா நிறமாக்கும். மார்கழியில் மாநகராட்சி மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, பட்டுப்போனது என்று எழுதிக்கொண்டு போனார். அன்றே ஆட்சேபம் கொடுத்தேன்.

மாசியில் அவரே ஆட்களோடு வந்தார். கொள்ளேகால் பக்கத்துத் தமிழர், காக்கிச் சட்டை, காதில் செருகிய பேனா. செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்த மரத்தை வெட்டினாலும் அப்படித்தானாம்.

"செத்த மரத்துக்கு எதுக்கய்யா கும்பிடு?" என்றேன்.

"உசுரு இருக்குதுங்களே சார். துளிர் தெரியுது பாருங்க."

"அப்புறம் ஏன் வெட்டறீங்க?"

"அன்னிக்கு இலையில்லைன்னு செத்ததா எழுதிட்டனுங்க. ஆபீசர் கையெழுத்தும் ஆயிப்போச்சு. இனி இது பூத்துச்சுன்னா எனக்கில்லீங்களா மெமோ வரும்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்."

தவறாக எழுதியவர்களை என் உத்தியோக காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதிய தவறை உண்மையாக்க ரம்பம் கொண்டுவந்தவர் இவர் ஒருவர்தான். மனதாரத் திட்டலாமென்றால், அந்தக் கும்பிடு குறுக்கே வந்து நிற்கிறது.

மரம் விழுந்து ஏழு மாதம் கழித்து, உயிருள்ள மரமாதலால் வெட்ட அனுமதியில்லை, என் ஆட்சேபம் ஏற்கப்பட்டது என்று பதில் வந்தது. அன்று ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அலுவலகத்தில் அந்த ரம்பத்துக்கு மாலை போட்டிருப்பார்கள்.