அண்ணனின் இடது கை மணிக்கூடு

அண்ணனின் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்று என் மகன் சொன்னபோது, அவருடைய நற்குணங்களை ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரு மணிக்கூடுதான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதை ஒதுக்கிவிட்டு மற்றதை எழுதினால் நான் பொய்க்காரி. அண்ணனைப் பற்றிய இடத்தில் என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் வவுணதீவில், வயல் செய்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கு நினைவு தெரியும் முன்பே அப்பா காலமாகிவிட்டார். அம்மாவோடு வயல் வட்டைக்குப் போய் வரம்பு வெட்டிவிட்டு, கால் கழுவி, அப்படியே பள்ளிக்கு ஓடுவாராம். பிறகு தபால்காரர் வேலை கிடைத்து வெல்லாவெளிப் பக்கம் போனார். சைக்கிளில் கிராமம் கிராமமாகத் திரிவார். யுத்தப் பிரச்சினைக் காலத்திலும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வந்தவர். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டி, அழுதால் கூட இருந்து, பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போவார் என்று செத்த வீட்டுக்கு வந்த வெல்லாவெளி ஆட்கள் சொன்னார்கள். அண்ணன் இதை எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. அந்த வழக்கப்படி அண்ணன் தன் கலியாணத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்து எனக்கு வீடு கட்டினார். நான் இன்றைக்கும் இருப்பது அந்த வீட்டில்தான்.

பழைய மணிக்கூடு தெரிந்தெடுப்பதில் அண்ணனுக்கு இருந்த பைத்தியம் உறவுக்காரர் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மாப்பிள்ளை பேசியதும், மாப்பிள்ளைக்கு மணிக்கூடு வாங்க என்னையும் காத்தான்குடிக்குக் கூட்டிப்போனார். அங்கே மணிக்கூடு திருத்தும் முஸ்லிம் பெரியவர் ஒருவர், நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம், நல்ல பழைய மணிக்கூடுகளை வாங்கிச் சேவிஸ் செய்து விற்பார். நான் வாசலிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

"கலியாணத்துக்கும் பழசா அண்ணன்?"

"புதுசு எண்டா கடைக்காரர் சொல்லுறதத்தான் நம்பணும். பழசு எண்டா அதுவே சொல்லும் கா" என்றார்.

நானா ஒரு தட்டு நிறைய மணிக்கூடுகளைக் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் எதையும் முகம் பார்த்து எடுக்கவில்லை. முதலில் பின்பக்க மூடியைப் பார்த்தார். கண்டபடி கீறல் இருந்தால், தெரியாத கை திறந்திருக்கிறது என்று தள்ளி வைத்தார். எனக்குப் பிடித்த, பளபளவென்று இருந்த ஒன்றைக் காட்டினேன். "முகம் புதுசு, முதுகு பழசு. ஆரோ பூசியிருக்காங்க" என்றார். இன்னொன்றில் கண்ணாடிக்கு உள்ளே ஓரமாக மங்கல். "இது ஆத்துல வலை போட இறங்கின ஆள்ர மணிக்கூடு. உள்ளுக்கு உப்புப் போயிட்டு." கடைசியில் ஒன்றைக் காதில் வைத்தார். நிமிர்த்திக் கேட்டார், கவிழ்த்துக் கேட்டார், விளிம்பில் நிறுத்திக் கேட்டார். எப்படி வைத்தாலும் சத்தம் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம்.

"உங்களுக்கு ஒண்டு வித்து முடிக்கிறதுக்குள்ள எனக்கு வயசு போயிரும்" என்று நானா சிரித்தார்.

அந்தச் சாவி கொடுக்கும் மணிக்கூடு என் கணவரின் கையில் இன்னும் ஓடுகிறது. அண்ணன் விட்டால்தானே அது நிற்க. சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததும் உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் போவார். எந்த மணிக்கூட்டுக்கு எண்ணெய் போட வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். கழற்றிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. "ஓடுதுதானே மச்சான்" என்பார்கள். "ஓடுது. எண்ணெய் காய்ஞ்சாலும் ஓடும். தன்னையே தேய்ச்சுக்கொண்டு ஓடும். நிண்டாப் பிறகு காட்டி என்ன பிரயோசனம்?" என்று கையைப் பிடித்துக் கழற்றிக்கொண்டு போவார். இதை எத்தனையோ தடவை என் காதால் கேட்டவள் நான்.

தனக்கென்று அவர் தெரிந்தெடுத்தது, வெளிநாட்டிலிருந்து வந்த ஏறாவூர்க்காரர் ஒருவர் கட்டியிருந்த ஜப்பான் ஒட்டோமெட்டிக். அதற்குச் சாவி கொடுக்கத் தேவையில்லை. கட்டியிருப்பவர் கை வீசி நடந்தால், அந்த அசைவிலேயே உள்ளே இருக்கும் சுருள் முறுக்கேறும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும். அண்ணனின் இடது கையில் அது நின்றதே இல்லை. அவர் ஒரு இடத்தில் இருந்தால்தானே.

அண்ணனின் மனைவி, என் மச்சாள், காலமான பிறகு, பிள்ளைகள் இல்லாதபடியால், மச்சாளின் வீடு வழக்கப்படி மச்சாளின் தங்கை மகளுக்குப் போனது. அண்ணன் ஒரு சூட்கேசோடு, எனக்கென்று தான் கட்டிய வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தான் வைத்த கதவையே தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "குடுத்த வீட்டில வந்து இருக்கிறன்" என்று வருகிறவர்களிடம் கூச்சத்தோடு சொல்வார். நானும் என் வாயை அடக்கவில்லை. கண் ஒபரேஷனுக்கு அவரைப் புளியந்தீவுக்குக் கூட்டிப்போய் வந்த நாளில், "எனக்கு வீட்டு வேலை முழுக்க அப்படியே கிடக்கு" என்று குசினிக்குள் முணுமுணுத்தேன். அவருக்குக் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு தலைவலி என்றுகூட அண்ணன் என்னிடம் சொல்லவில்லை.

போன மாரிக்கு முன்பு அந்த மணிக்கூடு நிற்கத் தொடங்கியது. காலையில் பார்த்தால் நின்றிருக்கும். அண்ணன் கழற்றி, ஆட்டி, நேரம் வைத்துக் கட்டுவார். அடுத்த நாளும் அதே கதை. எனக்குச் சிரிப்பு. "ஊருக்கெல்லாம் மணிக்கூடு தெரிஞ்சு குடுத்த ஆளுக்குக் கடைசியில கிடைச்சது ஒரு சொத்தி மணிக்கூடு" என்றேன். அண்ணனும் சிரித்தார்.

காத்தான்குடிக்கு ஒரு அலுவலாகப் போனபோது அதை நானாவிடம் கொடுத்தேன். திறந்து, கழுவி, எண்ணெய் போட்டு, சில நாள் தன் கையில் கட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"மணிக்கூட்டுல ஒரு பிழையும் இல்ல தங்கச்சி. எனக்கு நல்லா ஓடுது. அண்ணன் கைய அசைக்கிறாரா?"

எந்த ஒட்டோமெட்டிக்காரரிடமும் அவர் கேட்கிற கேள்விதான் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவரு பென்சன்காரர் நானா. கதிரையில இருந்து பேப்பர் பார்க்கிறதுதான் இப்ப வேலை." அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு பஸ் ஏறினேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்த அந்த வழி முழுக்க, பென்சன் எடுத்துப் பல வருடம் ஆகியும் அது நிற்காமல் இருந்ததே, இப்போது மட்டும் ஏன் நிற்கிறது என்று என் மரமண்டைக்கு ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து நானா கேட்டதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவர் மணிக்கூட்டைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அதை வலது கையில் கட்டியிருந்தார்.

"இது எந்த நாட்டு வழக்கம் அண்ணன்?"

"இந்தக் கையில கட்டினா ஓடுது கா."

அவ்வளவுதான் சொன்னார். உண்மையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மணிக்கூடு பார்க்கத் தெரிந்த மனிதருக்குத் தன் இடது கை என்ன சொல்கிறது என்று விளங்காமல் இருந்திருக்குமா? "டொக்டரிட்ட போவமா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வந்திருப்பார். அவராகக் கேட்கமாட்டார், கேட்காதபடி செய்தவள் நான். நான் கேட்டது வேறு. "ஓடுதுதானே, மறுகா என்ன?" என்றுவிட்டு மீன் கழுவப் போனேன்.

மாரி தொடங்கிய நாட்களில் ஒரு காலை, முகம் கழுவப் போனவர் கிணற்றடியில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சின்னச் சின்ன அடைப்புகள் முன்பே வந்து போயிருக்கின்றன, இது பெரியது என்றார். "இடது கை எப்ப இருந்து பலவீனம்? சாமான் கை நழுவி விழுந்ததா? நடை மாறினதா?" என்று கேட்டார். என் கணவர் தெரியாது என்றார். மகன் தெரியாது என்றான். எனக்கு மட்டும் அப்போது பதில் விளங்கியது: மணிக்கூடு நின்ற முதல் நாளிலிருந்து. நான் வாய் திறக்கவில்லை. முன்பே காட்டியிருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்று டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். அது எனக்குப் போதும்.

தாதி சொன்னபடி வலது கையிலிருந்து மணிக்கூட்டைக் கழற்றி நான் கட்டிக்கொண்டேன். அண்ணன் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். பேச்சு வரவில்லை. சில நாட்களில் போய்விட்டார்.

மணிக்கூட்டை வைத்தியத்துக்குக் கொண்டுபோனேன், அண்ணனைக் கொண்டுபோகவில்லை. "வயசு போன மனுசன், உங்கட பிழை இல்ல" என்று ஆறுதல் சொல்கிறவர்களுக்கு என் நன்றி. ஆனாலும் பிழை என்னுடையதுதான், அதை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது.

அண்ணனைக் கிணற்றடியிலிருந்து தூக்கிவந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், கண் விழித்துப் பார்த்த டொக்டர்மார், தாதிமாருக்கும், வெள்ளத்துக்குள்ளும் வந்து பாடை சுமந்தவர்களுக்கும், எட்டாம் நாள் வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த சொந்தங்களுக்கும், செய்தி கேட்டுக் கடையைப் பூட்டிவிட்டு வந்து முற்றத்தில் இருந்துவிட்டுப் போன காத்தான்குடி நானாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் தெரிந்து தந்த மணிக்கூடுகள் உங்களில் பலருடைய வீட்டில் இருக்கும். வருடப்பிறப்புக்குப் பிறகு கேட்டு வர இனி ஆள் இல்லை, நீங்களாகவே எண்ணெய் போடக் கொடுங்கள். அது ஒட்டோமெட்டிக்காக இருந்து, ஒரு நாள் நின்றால், கடைக்குக் கொண்டுபோக முதல் அதைக் கட்டியிருப்பவரின் கையைப் பிடித்துப் பாருங்கள்.

அண்ணன், உங்கள் மணிக்கூடு இப்போது என் இடது கையில் இருக்கிறது. நான் கூட்டுகிறேன், தேங்காய் துருவுகிறேன், தண்ணீர் அள்ளுகிறேன். விடியப் பார்க்கும்போதெல்லாம், பிழை மணிக்கூட்டில்தான் என்று சொல்ல ஒரு நாளாவது நின்றிருக்காதா என்றுதான் பார்க்கிறேன். அது நிற்பதில்லை.